180 வெள்ளிப் புன்னகை

தீபாவளி நெருங்கினால் தையல்காரரிடம் கூட்டம் சேரும், முடிதிருத்தும் கடையில் வரிசை நிற்கும். இப்போது அந்தப் பட்டியலில் பல்லும் சேர்ந்துவிட்டது. ‘பிரேசஸ் 180 வெள்ளி மட்டுமே, வீட்டுக்கே வந்து மாட்டித் தருவோம், ரப்பர் நிறம் உங்கள் விருப்பம்’, ‘வெனீர், ஒரு மணி நேரத்தில் முடியும், வலி இல்லை’ என்கிற விளம்பரங்கள் டிக்டாக்கிலும் வாட்சாப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மருத்துவர் பெயர் இருக்காது. கிளினிக் முகவரி இருக்காது. ஒரு கைப்பேசி எண்ணும், முன்பு பின்பு என்று இரண்டு படங்களும் இருக்கும். அவ்வளவுதான்.

நான் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், சுவா பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் போதிக்கிறேன். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். தாத்தா பாட்டி பால் வெட்டியவர்கள். அப்பா செம்பனையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்கிறார். இந்த விளம்பரங்களைப் பார்த்துப் பல்லில் கம்பி ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளையிடம் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த அலங்காரம்?’ என்பதுதான். அந்தக் கேள்வியோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பல் எடுப்பாக இருக்கும் பிள்ளையை ‘தேங்காய்த் துருவி’ என்று ஆரம்பப்பள்ளியிலேயே கூப்பிடத் தொடங்கிவிடுகிறோம். நாம் என்றால், பெரியவர்களும் சேர்ந்துதான். அந்தப் பிள்ளை பதினாறு வயதில் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறது. வகுப்பில் பதில் தெரிந்தும் எழுந்து பேசுவதில்லை. எஸ்.பி.எம். முடித்ததும் இங்குள்ள பிள்ளைகள் வேலை தேடிப் போகும் இடங்கள் போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டல்கள், சிப்பாங் விமான நிலையம், சிரம்பான் பேரங்காடிகள். எல்லாமே வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய வேலைகள். ஆகவே அழகான பல்வரிசை வேண்டும் என்ற ஆசையை வெட்டிப் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. பல் என்பது எப்படிப்பட்ட பொருள் என்று தெரியாத ஒருவர் அதில் கை வைப்பதுதான் எனக்குக் கவலை.

நகத்தை வெட்டினால் வளரும். தோல் கிழிந்தால் ஆறும். எலும்பு முறிந்தால்கூட ஒன்றுசேரும். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் மட்டும் திரும்ப வராது. எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமப் பொருள். ஹைட்ராக்சிஅபடைட் எனும் கால்சியம் பாஸ்பேட் படிகம். மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறு இல்லை. ஆனால் இதைக் கட்டிய உயிரணுக்கள் பல் ஈறைத் துளைத்து வெளியே வருவதற்குள் மறைந்துவிடுகின்றன. கொத்தனார் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டியது சுரண்டியதுதான். மிகத் தடித்த இடத்திலேயே இது சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். ஈறை ஒட்டிய இடத்தில் இன்னும் மெல்லியது.

இந்த எனாமல் பால்போல் வெண்மையானதும் அல்ல. ஒளி ஓரளவு ஊடுருவும் பொருள் அது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் மஞ்சள் நிறம். அந்த மஞ்சள் மேலே தெரிவதுதான் இயல்பான பல்லின் நிறம். நம் புலவர்கள் பல்லுக்கு முத்தையும் முல்லை அரும்பையும் உவமை சொன்னார்கள். முத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், அதில் மெல்லிய மஞ்சள் ஓடும். முல்லை அரும்பும் ஏ4 தாள் நிறத்தில் இருப்பதில்லை. பல் மருத்துவர்கள் நிறம் பார்க்கப் பயன்படுத்தும் வழக்கமான அட்டையில் 16 நிறங்கள் உண்டு. அத்தனையும் மனிதப் பல்லில் இயல்பாகக் காண்பவை. கைப்பேசித் திரையில் மின்னும் அந்த வெள்ளை அந்தப் பதினாறில் இல்லை.

வெண்மைக்காகப் பிள்ளைகள் முதலில் போவது சமையலறைக்குத்தான். எலுமிச்சைச் சாற்றில் சோடா மாவைக் கலந்து தேய்க்கிறார்கள். நுரை பொங்குவதைப் பார்த்ததும் அழுக்கு போகிறது என்று நம்புகிறார்கள். இரண்டாம் படிவத்தில் அமிலம், காரம் பாடம் படித்த பிள்ளைக்கு அந்த நுரை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அமிலமும் சோடா மாவும் சேரும்போது வெளிவரும் கரியமிலவாயு அது. பல் இல்லாமல் வெறும் கிண்ணத்தில் ஊற்றினாலும் பொங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு 2 முதல் 3. எனாமல் கரையத் தொடங்குவது சுமார் 5.5-க்குக் கீழே. வகுப்பில் முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் காட்டுவேன். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், பல் கால்சியம் பாஸ்பேட். இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லித்தான் காட்டுவேன். ஓடு சற்று நேரத்தில் குமிழிவிடும், பல் மெதுவாகக் கரையும். அமிலம் இரண்டையும் விடாது.

இன்னொரு பொருள் கரித்தூள். எங்கள் பாட்டிமார் லயத்து வீட்டுப் பின்புறம் அடுப்புக் கரியையும் உப்பையும் வைத்துப் பல் விளக்கியபோது, ‘பட்டணத்தில் பற்பசை வந்தாச்சு, இன்னும் கரியா?’ என்று கேலி செய்தோம். இன்று அதே கரி கறுப்பு டப்பாவில் ஆங்கிலப் பெயரோடு முப்பது நாற்பது வெள்ளிக்கு வருகிறது. மேலே படிந்த தேநீர்க் கறையை அது தேய்த்து எடுக்கும், உண்மைதான். கூடவே எனாமலையும் கொஞ்சம் தேய்க்கும். எனாமல் மெலிந்தால் கீழே உள்ள மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். வெண்மைக்குத் தேய்த்தவருக்குக் கிடைப்பது மஞ்சள்.

முறையான வெண்மைச் சிகிச்சை உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது அதை வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடு பல்லுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைக்கிறது. 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு என்றால் ஏறக்குறைய 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். சில நாள் பல் கூசும், பிறகு சரியாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருள்களைப் பல் மருத்துவர் வழியாகத்தான் பெற முடியும். 6 விழுக்காடுதான் உச்சவரம்பு. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. இங்கே இணையக் கடையில் வாங்கும் ‘ஜெல்’ புட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பல நேரங்களில் எழுதியே இருப்பதில்லை.

இருந்தாலும் இவை எல்லாம் சிறிய சேதங்கள். என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது பிரேசஸ்.

பல்லில் கம்பி போட்டால் பல் ஏன் நகர்கிறது என்று என்றாவது யோசித்திருக்கிறோமா? பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் அளவில் நார்த்திசு ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கம் மெல்ல அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பை ஒருவகை உயிரணுக்கள் கரைக்கும். இழுபடும் பக்கத்தில் இன்னொரு வகை உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டும். இந்தப் பக்கம் இடித்து அந்தப் பக்கம் கட்டி, பல் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் இடம் மாறுகிறது. அதனால்தான் சிகிச்சை ஒன்றரை, இரண்டு ஆண்டு நீள்கிறது. மருத்துவர் காசுக்காக இழுத்தடிக்கிறார் என்று பெற்றோர் சிலர் நினைப்பது சரியல்ல. எலும்பு தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

அழுத்தத்தின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. 1932-இல் சுவார்ஸ் என்ற ஆய்வாளர், பல்லை நகர்த்தும் விசை நுண் இரத்தக் குழாய்களின் அழுத்தத்தை மீறாமல் இருப்பதே நல்லது என்றார். வேரின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பது அவர் சொன்ன கணக்கு. அதை மிஞ்சினால் அந்த இடத்துக்கு இரத்தம் போவது தடைபட்டு, திசு செத்து, பல்லின் வேரே கரையத் தொடங்கலாம். வேர் கரைவது வெளியே தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். இவ்வளவு மெல்லிய, சீரான விசையைத் தரத்தான் நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வேறு ஏதோ தேவைக்காக உருவான உலோகம் அது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் அதன் குணம் பிறகு பல் மருத்துவத்துக்கு வந்தது.

பசை வந்த வழியும் சாதாரணமானதில்லை. 1955-இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை அரை நிமிடம் தடவினால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகி, பிசின் அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். இன்று கிளினிக்கில் நீல ஒளி காட்டி ஒட்டும் முறை அதிலிருந்து வளர்ந்ததுதான். போலி பிரேசஸ் மாட்டுகிறவர் செய்வதென்ன? எச்சில் ஈரத்தில் கெட்டியாகும் சாதாரணக் கடைப் பசை சிலரிடம். இணையத்தில் வாங்கிய, தரம் தெரியாத பசை வேறு சிலரிடம். எக்ஸ்ரே இல்லை. சொத்தைப் பல்லை முதலில் அடைக்கும் பேச்சு இல்லை. பஞ்சும் இடுக்கியும் கிருமிநீக்கம் செய்யப்பட்டவையா என்று கேட்க ஆளில்லை.

கம்பி உண்மையிலேயே பல்லை அழுத்தினால் அது எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்று யாருக்கும் தெரியாது. அழுத்தாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால், உணவும் கிருமியும் தங்க வாயில் ஒரு வேலி கட்டியதாக ஆகும். ‘சும்மா ஃபேஷனுக்குத்தான் சார், பல்லை ஒன்றும் செய்யாது’ என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது ஆபத்துதான் புரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் படிவ மாணவி ஒருத்தி அக்காவின் கல்யாணத்துக்காக இப்படி ஒன்று மாட்டிக்கொண்டாள். யாரோ ஒருவர் வீட்டு அறையில், 180 வெள்ளிக்கு, இளஞ்சிவப்பு ரப்பரோடு. கல்யாணப் படங்களில் அழகாகத்தான் இருந்தாள். மூன்றாவது வாரம் ஈறு வீங்கி, பல் துலக்கினால் இரத்தம். மாட்டியவரின் எண்ணுக்கு அழைத்தால் பதில் இல்லை. வீட்டில் அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று சொல்லாமல் வலியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவள் அம்மாவோடு பேசி, அரசாங்கப் பல் கிளினிக்கில் எல்லாவற்றையும் கழற்றினார்கள். பசை வரும்போது இரண்டு முன்பற்களில் எனாமலும் செதிலாகப் பெயர்ந்து வந்தது. அவளுக்கு அப்போது வயது 16.

இன்னொரு கொடுமை, முன்பல் இடைவெளியை மூட இரண்டு பற்களையும் சுற்றிச் சின்ன ரப்பர் வளையம் மாட்டும் ‘டிப்ஸ்’. ரப்பரைப் பற்றி எங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எங்கே இறுக்கம் குறையுமோ அங்கே நழுவும். பல்லின் வேர் கூம்பு வடிவம். வளையம் மெல்ல மெல்ல ஈறுக்குள் ஏறி, வேரின் நுனியை நோக்கிப் போகும். போகும் வழியில் பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே போகும். வளையம் எங்கோ விழுந்துவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். ஆடத் தொடங்கிய முன்பற்கள் இரண்டும் கடைசியில் விழுந்தே போகலாம். இடைவெளி மூடும் என்று பார்த்தால், இருந்த பல்லும் போகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு பெறாமல் பல் மருத்துவம் செய்தால் 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு முன்பே, 2017-இல் மலாக்காவில் 20 வயதுப் பெண் ஒருவர், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஹோட்டல் அறையில் பிரேசஸ் மாட்டியதற்காக 70,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டார். கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். பொதுமக்களிடம் நிதி திரட்டி அபராதத்தைக் கட்டி அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்ணின் ஏழ்மைக்கு இரங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவரிடம் வாயைத் திறந்து காட்டியவர்களைப் பற்றி அந்த நாள்களில் யாரும் அதிகம் பேசவில்லை. அவர்களும் காசில்லாதவர்கள்தான். தனியார் கிளினிக்கில் முறையான பிரேசஸுக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். 180 வெள்ளி எங்கிருந்து கவர்ச்சி பெறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அபராதத்தை இன்னும் ஏற்றினாலும் இந்த வித்தியாசம் குறையாது.

வெனீரைப் பற்றிச் சுருக்கமாக. 1928-இல் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்ல்ஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் செய்தது, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைக்கும் மெல்லிய ஓடு. பல்லிலேயே நிலையாக ஒட்டும் பீங்கான் ஓடு 1980-களில் வந்தது. அரை மில்லிமீட்டர் ஓட்டுக்கு இடம் வேண்டுமென்று பெரும்பாலும் எனாமலைச் சிறிது சீவுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டும். பதினெட்டு வயதில் போட்டுக்கொள்பவர் வாழ்நாளில் எத்தனை முறை மாற்றுவார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விபத்தில் உடைந்த பல்லுக்கும், பிறவியிலேயே எனாமல் கெட்ட பல்லுக்கும் வெனீர் ஒரு வரம். நல்ல பல்லைப் படத்துக்காகச் சீவுவது, பதிவு பெற்ற மருத்துவரே செய்தாலும், எனக்கு ஏற்பில்லை. அழகுக்கடையில் நகம் வரைகிறவர் செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பல்லின் நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், வாயின் மற்ற பகுதிகளைப் பார்ப்பதே இல்லை. தோட்டங்களில் வெற்றிலை பாக்கு போடும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். பாக்கு, புகையிலை சேர்க்காமல் தனியாக மென்றாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. இந்நாட்டு இனங்களில் வாய்ப்புற்று அதிகம் தாக்குவது இந்தியர்களைத்தான். பேத்தி பல் வெண்மைக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிப்போங்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். கறை படிந்த பாட்டியின் பல்லைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோமே தவிர, அந்த வாயைத் திறந்து பார்க்கச் சொல்வதில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிப்பதில் இந்த நாட்டுக்கு நல்ல வரலாறு உண்டு. பினாங்கில் 1949-லேயே பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் அந்தக் குழு நாற்காலியோடு வந்து இறங்கிய காட்சியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நான் மேசைக்கு அடியில் ஒளிந்தவன். அந்தக் குழு இன்றும் வருகிறது. சொத்தையைப் பார்க்கிறது, அடைக்கிறது. அதோடு, மூன்றாம் நான்காம் படிவப் பிள்ளைகளிடம் போலி பிரேசஸைப் பற்றியும் வெண்மை ஜெல்லைப் பற்றியும் பத்து நிமிடம் நேராகப் பேச வேண்டும் என்பது என் கோரிக்கை. ‘செய்யாதே’ என்று சுவரொட்டி ஒட்டினால் போதாது. உன் பல் வரிசைக்குச் சிகிச்சை தேவையா, எங்கே போகலாம், எவ்வளவு காலம் ஆகும் என்று அந்தப் பிள்ளையிடமே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் டிக்டாக் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. அரசாங்கத்தில் பல் சீரமைப்பு நிபுணர்கள் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். கோளாறு கடுமையாக உள்ளவர்களுக்கே முன்னுரிமை. ஆகவே ஐந்தாம் படிவத்தில் போய்க் கேட்டால் பயனில்லை. பிள்ளை முதலாம் படிவம் சேரும் ஆண்டிலேயே பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டி, நிபுணரிடம் அனுப்பத் தேவை உண்டா என்று கேளுங்கள். சொத்தை இருந்தால் அதை முதலில் அடைக்கச் சொல்வார்கள். துலக்கும் பழக்கம் சரியில்லை என்றால் பிரேசஸ் போடமாட்டார்கள். தனியாரிடம் போவதானால், மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடலாம், கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். எக்ஸ்ரே எடுக்காமலே கம்பி மாட்டத் தயாராக இருக்கும் இடம் எதுவானாலும், பிள்ளையை எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.